டெரியர் கலப்புக் குட்டியா, வளர்ந்த நாயா?

தத்துக்குக் காத்திருக்கும் இந்த டெரியர் கலப்புக் குட்டிக்கு மூன்று மாதம். பந்தைக் கண்டால் துள்ளுவான். செருப்பையும் விட மாட்டான்.

மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் டெரியர். வளைக்குள் புகுந்து எலி, நரியை விரட்டப் பழக்கிய இனம். தோண்டுவதும் குரைப்பதும் பிறவிக்குணம். பூந்தொட்டிகளை உயரத்தில் வையுங்கள். பால்பற்கள் விழுந்து முடிய ஆறேழு மாத வயதாகிவிடும், அதுவரை எதையாவது கடித்துக்கொண்டேதான் இருப்பான். பார்வோ என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசியை 16 வார வயது வரை மூன்று, நான்கு வார இடைவெளியில் போட வேண்டும். அது முடியாமல் தெருவில் இறக்கிவிடாதீர்கள். பார்வோ குட்டிகளைச் சில நாட்களிலேயே கொன்றுவிடும். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்கவும் இந்த வயதில் முடியாது.

இரண்டு, மூன்று வயது நாயிடம் இந்தப் பாடு குறைவு. உருவமும் குணமும் கண்முன்னே தெரியும். கலப்புக் குட்டி எவ்வளவு வளரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வளர்ந்த நாய்க்குப் புது வீட்டில் கூச்சம் விலகச் சில வாரங்கள் கொடுத்தால் போதும்.

பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் வளர்ந்த நாயையே எடுங்கள். தாத்தா, பாட்டி என்று யாராவது எப்போதும் இருக்கும் வீடா? இவனைத் தயங்காமல் கூட்டிப் போங்கள்.