பாலர் கல்வி டிப்ளோமாவா? பணம் கட்டுமுன் பதிவேட்டைப் பாருங்கள்

மலேசியாவின் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்த கையோடு சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களுக்கு வாட்சப்பில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. பாலர் கல்வி டிப்ளோமா, ஒன்பதே மாதம், ஞாயிறு மட்டும் வகுப்பு, முடித்ததும் தமிழ்ப்பள்ளிப் பாலர் வகுப்பில் அரசாங்க வேலை. இதை நம்பிச் சேர்ந்த பிள்ளைகளின் கையில் இப்போது மிச்சம் தங்கநிற முத்திரை பதித்த ஒரு தாள்தான். பட்டப்படிப்புக்கு மனு போட்டால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். தவணையில் கட்டிய 6,800 ரிங்கிட் போனது போனதுதான்.

அந்தத் தாளை உற்றுப் பாருங்கள். ‘டிப்ளோமா’ பெரிய எழுத்தில். அதற்கு மேலே ‘எக்சிகியூட்டிவ்’ பொடி எழுத்தில். அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. எக்சிகியூட்டிவ் டிப்ளோமா என்று விற்கப்படுபவை பெரும்பாலும், அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியலான மலேசியத் தகுதிப் பதிவேட்டில் (எம்.கியூ.ஆர்.) ஏறாத குறுகியகாலப் பயிற்சிகள். தாளில் உள்ள கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்தால் அந்தப் பயிற்சி மையத்தின் சொந்த இணையப்பக்கமே திறக்கிறது. தனக்குத் தானே சாட்சி! ரசீதிலும் கல்லூரியின் பெயர் இல்லை, ஏதோ ஒரு ‘எண்டர்பிரைஸ்’ கணக்கு.

கணக்குப் போட்டாலே குட்டு வெளிப்படும். மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 40 மணிநேரக் கற்றல். வகுப்பு, வீட்டுப்பாடம், தேர்வு எல்லாம் சேர்த்து. ஆக 3,600 மணி. ஒன்பது மாதத்தில் 39 ஞாயிறு, நாளுக்கு 6 மணி என்றால் 234 மணி. மீதியை வீட்டில் படித்ததாகச் சொல்வார்கள். வாரத்துக்கு எண்பத்தைந்து மணிக்கு மேல் யார் படித்தார்கள்? ஒழுங்கான டிப்ளோமா இரண்டு, இரண்டரை வருஷம் பிடிக்கும்.

பயிற்சிப் பணியிலும் ஏமாற்று. பன்னிரண்டு வாரப் பதிவுப் புத்தகத்தில் எல்லாப் பக்கமும் ஒரே பேனா மையில், ஒரே நாளில் கையெழுத்தாகியிருக்கிறது. மேற்பார்வையாளர் ஒருமுறைகூடப் பாலர் பள்ளிக்கு வந்து பாடம் நடப்பதைப் பார்க்கவில்லை. அப்படிப் படித்து வந்த பிள்ளையிடம் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேருக்கு ஒரு பராமரிப்பாளர் என்று கேட்டால் பத்து என்கிறது. தாஸ்கா (குழந்தைப் பராமரிப்பு நிலையம்) விதிப்படி மூன்று பேருக்கு ஒருவர்; ஒன்று முதல் மூன்று வயதுவரை ஐவருக்கு ஒருவர்; மூன்று முதல் நான்குவரைதான் பத்துப் பேருக்கு ஒருவர்.

சரிபார்ப்பது பத்து நிமிட வேலை. மலேசியத் தகுதி முகமையின் (எம்.கியூ.ஏ.) இணையத்தளத்தில் எம்.கியூ.ஆர். தேடலைத் திறந்து, விளம்பரத்தில் உள்ள படிப்பின் பெயரை மலாயில் அப்படியே அடியுங்கள்: டிப்ளோமா பெண்டிடிக்கான் ஆவால் கானாக்-கானாக் (Diploma Pendidikan Awal Kanak-Kanak). நிறுவனத்தின் பெயரோடு முகவரியையும் பாருங்கள். ‘கோலாலம்பூரில் பதிவாகியிருக்கிறது, இது கிளை’ என்பது வழக்கமான சாக்கு. பதிவேட்டில் கோலாலம்பூர் முகவரி மட்டும் இருந்தால், இங்கே கடைமாடியில் நடக்கும் வகுப்புக்கு அந்த அங்கீகாரம் பொருந்தாது. எம்.கியூ.ஏ.வின் தற்காலிக அங்கீகாரப் பட்டியலில் இருந்தால் அது மோசடி இல்லை; முதல் அணி படிப்பை முடிக்கும் காலத்தில்தான் முழு அங்கீகாரத்துக்கு மனுச் செய்வார்கள். அரசாங்க உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். கிடைக்குமா என்றும் கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு அது கிடைக்காது. ‘எங்களிடமே தவணை இருக்கிறதே’ என்று பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேலை விஷயத்தில் சொன்னது இன்னும் பெரிய பொய். தாஸ்காவும் பாலர் பள்ளியும் ஒன்றல்ல. நான்கு வயதுக்குக் கீழ் தாஸ்கா. 1984 குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டம், சமூகநலத் துறையின் பொறுப்பு. அங்கே வேலை செய்ய அத்துறை ஏற்கும் அடிப்படைப் பராமரிப்புப் பயிற்சி தேவை, இந்தத் தாள் அதற்கு ஈடாகாது. நான்கிலிருந்து ஆறு வயது தனியார் பாலர் பள்ளி, 1996 கல்விச் சட்டத்தின் கீழ். தமிழ்ப்பள்ளியோடு இணைந்த அரசாங்கப் பாலர் வகுப்போ வேறு வழி: ஆசிரியர் பயிற்சிக் கழகத்திலோ, தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் போன்ற இடத்திலோ பட்டம், பிறகு கல்விச் சேவை ஆணையத்தின் நியமனம். உண்மையான டிப்ளோமா கையில் இருந்தாலும் அதை மட்டும் வைத்து நேரே அங்கே நுழைய முடியாது. பட்டப்படிப்பில் சேர அது உதவும், அவ்வளவுதான்.

ஏற்கனவே பணம் கட்டியவர்கள் விளம்பரம், வாட்சப் உரையாடல், ரசீது, சான்றிதழ் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். கைப்பேசி மாற்றினால் முதலில் தொலைவது அந்த உரையாடல்தான். மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டாம், மூன்று வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். ‘அரசாங்க வேலை’ என்று எழுதிய விளம்பரத்தை முதல் இணைப்பாக வையுங்கள். உயர்கல்வி அமைச்சுக்குத் தனியாக ஒரு புகார்.

பாலர் பள்ளியில் ஏற்கனவே வேலை செய்யும் பிள்ளைகளுக்கு வேறொரு வாசலும் உண்டு. 20 வயதும் தொடர்புடைய வேலை அனுபவமும் இருந்தால், எஸ்.பி.எம்.மில் மூன்று பாடங்களில் கிரெடிட் தேர்ச்சி இல்லாவிட்டாலும், எம்.கியூ.ஏ.வின் ‘ஆப்பெல்’ எனும் முன் அனுபவ மதிப்பீட்டில் தேறி அங்கீகாரம் பெற்ற டிப்ளோமாவில் சேர மனுச் செய்யலாம். சம்பளச் சீட்டையும் முதலாளியின் கடிதத்தையும் இன்றே கேட்டு வாங்கி வையுங்கள். அனுபவத்தைக் காட்ட அவைதான் வேண்டும்.