பாதியில் நிற்கும் கேம்கள்

கேம் ரிவ்யூ எழுதுகிறவர்கள் முடித்துவிட்டு எழுதுவார்கள், இல்லாவிட்டால் வெளியான வாரத்திலேயே எழுதிவிடுவார்கள். ஸ்டீம் என்ற கம்ப்யூட்டர் கேம் விற்கும் தளத்தில் என் லைப்ரரியில் இருப்பவை பெரும்பாலும் இரண்டிலும் சேராதவை. வருஷக்கணக்கில் விட்டு விட்டு விளையாடியும் இன்னும் முடியாதவை. ஆபீஸ் வேலை, பிள்ளைக்குப் பரீட்சை, ஊரிலிருந்து ஆட்கள் என்று நடுவில் மாதங்கள் போய்விடும். திரும்பி வந்து உட்காரும்போது அந்த கேம் நம்மை எப்படி வரவேற்கிறது? எனக்கு அதுதான் முக்கியம். கஷ்டமா, சுலபமா, கிராபிக்ஸ் எப்படி என்பதெல்லாம் அப்புறம்.

நான் மட்டும் இப்படி இல்லை. ஸ்டீமில் எந்த கேமின் அச்சீவ்மென்ட் பட்டியலைத் திறந்தாலும் எத்தனை சதவீதம் பேர் எதுவரை போனார்கள் என்று போட்டிருக்கும். முதல் பாஸை, அதாவது கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரியை, அடித்தவர்கள் பெருங்கூட்டமாக இருப்பார்கள். கடைசி பாஸுக்கு வரும்போது கூட்டம் கலைந்திருக்கும்.

முதலில் தி விட்சர் 3. 2015-இல் வந்தது, போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் செய்தது. நான் நிறுத்தியிருக்கும் இடம் ஸ்கெலிகே தீவுகள். மேப்பைத் திறந்தால் கடல் முழுக்கக் கேள்விக்குறிகள். ஒவ்வொன்றுக்கும் படகில் போய், தலைக்கு மேலே பறக்கும் சைரன் பிசாசுகளை விரட்டி, தண்ணீரில் முங்கிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே விற்றுக் காசாக்க வேண்டிய சாமான். கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் மேப்பில் குறி இருந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. மெயின் குவெஸ்ட், அதாவது முக்கியக் கதை, அங்கேயே நின்றுவிட்டது.

இத்தனைக்கும் இதே கேமில்தான் வேலன் என்ற பகுதியை ஆளும் பாரன் (பிரபு) ஒருவரின் கதை வருகிறது. குடிகாரர், மனைவியை அடித்தவர், மனைவியும் மகளும் அவரை விட்டுப் போய்விட்டார்கள். பிறக்காமலே போன குழந்தை ஒன்று பேயுருவாக அலைகிறது. அதை வெட்டிக் கொல்லலாம். இல்லையென்றால் அவரே அதைக் கையில் ஏந்திக்கொண்டு மழையில் நடந்து வந்து, வீட்டு வாசற்படியில் புதைத்துப் பெயர் வைக்க வேண்டும். வழியெல்லாம் அது திமிறத் திமிற நாம் சாந்தப்படுத்திக்கொண்டே கூட வர வேண்டும். அடிதடி கேமில் இப்படி ஒரு காட்சியை நான் எதிர்பார்க்கவே இல்லை.

திரும்பி வருகிறவனை விட்சர் 3 நன்றாகவே கவனித்துக்கொள்கிறது. சேவ் ஃபைலை லோட் செய்யும்போது, டேண்டிலையன் என்ற பாட்டுக்காரன் குரலில் இதுவரை நடந்த கதையைப் படம் போட்டுச் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். தினமும் விளையாடுகிறவர்களுக்கு அது எரிச்சலாக இருக்கலாம். எனக்கு அந்த அரை நிமிஷம் வரப்பிரசாதம்.

ஹாலோ நைட் நேர் எதிர். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு சின்னக் குழு செய்து 2017-இல் வெளியிட்டது. கையால் வரைந்த பூச்சி உலகம், அதற்கேற்ற இசை, அழகில் குறையே சொல்ல முடியாது. ஆனால் புதுப் பகுதிக்குள் நுழைந்தால் மேப் கிடையாது. கார்னிஃபர் என்ற பூச்சி எங்கோ உட்கார்ந்து முனகிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தையும் தரையில் சிதறிக் கிடக்கும் காகிதங்களையும் வைத்துக் கண்டுபிடித்து, அதனிடம் காசு கொடுத்து மேப் வாங்க வேண்டும். மேப் வாங்கினாலும் நாம் எங்கே நிற்கிறோம் என்று காட்டாது. அதற்குத் தனியாக ஒரு சார்ம் (தாயத்து) வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். விளையாடும் காலத்தில் இதெல்லாம் பிரமாதமாகத்தான் இருக்கிறது, வழி நம் மண்டையிலேயே பதிந்துவிடுகிறது.

சிக்கல் என்னவென்றால் மண்டையில் பதிந்தது ரெண்டு மாதத்தில் அழிந்துவிடும். அடுத்து எங்கே போகணும், யார் என்ன சொன்னார்கள் என்று எழுதிவைக்கும் குவெஸ்ட் பட்டியல் இதில் இல்லை. நான் விட்ட இடம் டீப்நெஸ்ட், அந்த கேமிலேயே இருட்டான, எந்தப் பக்கமிருந்து எது பாயும் என்று தெரியாத பகுதி. தெரியாத ஊர் பஸ் ஸ்டாண்டில் நடுராத்திரி தூக்கத்தோடு இறங்கினால் எப்படி இருக்கும்? அப்படித்தான். செத்தால் வைத்திருந்த ஜியோ (அந்த உலகத்துக் காசு) எல்லாம் செத்த இடத்திலேயே நிழலாக நிற்கும். போய் அதை அடித்து எடுப்பதற்குள் மறுபடி செத்தால் மொத்தமும் போச்சு. பட்டன்களை மறந்த கைக்கு இது ரொம்பக் கொடுமை.

அதற்கு முன்னால் வரும் மேன்டிஸ் லார்ட்ஸ் (கும்பிடுபூச்சித் தலைவர்கள்) சண்டையை மட்டும் சொல்லாமல் விட மனசில்லை. அவர்களை ஜெயித்த பிறகு, அதுவரை பார்த்த இடத்தில் பாய்ந்த மேன்டிஸ்கள் எல்லாம் நம்மைக் கண்டதும் தலை குனிந்து வழி விடும். ஒரு வசனம் கிடையாது.

செகிரோ (2019) என்ற வாள்சண்டை கேமில் என் கதை சின்னதுதான். ஆஷினா கோட்டை உச்சியில் கெனிச்சிரோ என்ற பாஸ். ஈஸி மோட் என்று ஒன்று கிடையாது. அவன் வாளைச் சரியான நொடியில் தடுத்தே தீர வேண்டும். கடைசிக் கட்டத்தில் மின்னலை ஏவுவான். எகிறிக் குதித்து, காற்றில் இருக்கும்போதே அதை வாங்கி, கால் தரையில் படுவதற்குள் அவன் மேலேயே திருப்பி அடிக்க வேண்டும். அது கைகூடிய ராத்திரி அக்கம்பக்கம் எழுந்துகொள்ளும் அளவுக்குக் கத்தினேன். கேம் அதற்குப் பிறகும் நிறைய இருக்கிறது, தெரியும். எனக்கு கிளைமாக்ஸ் அதுதான். நிறைவாக மூடிவிட்டேன். இதை 'முடிக்கவில்லை' கணக்கில் சேர்க்கலாமா என்பதே எனக்குச் சந்தேகம்.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 விஷயம் வேறு. 150 ஜிபி இடம் கேட்கும் கேம், இன்னும் அன்இன்ஸ்டால் செய்யவில்லை. ஆரம்பம் ஆமை வேகம். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். இதில் பனிமலையை விட்டு இறங்கவே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் பிடிக்கும். அலமாரி இழுப்பறை ஒவ்வொன்றையும் நாம் ஆட்டுவிக்கும் கொள்ளைக்காரன் ஆர்தர் நிதானமாகத் திறந்து பார்ப்பான். மானைச் சுட்டால் தோலை உரித்துச் சுருட்டிக் குதிரையில் போடுவது வரை காட்டுவார்கள். முகாமுக்குள் ஓடக்கூட முடியாது. பலருக்கு இது பிடிக்காது. எனக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் வேண்டியதே இந்த வேகம்தான்.

ஆனால் பட்டன்கள் தலைவலி. ஒருவரைப் பார்த்து வணக்கம் சொல்லவும் அவர் மேல் குறி வைக்கவும் ஒரே பட்டன். வித்தியாசம் கையில் துப்பாக்கி இருக்கிறதா இல்லையா என்பதுதான். நாள் கழித்து வருகிறவன் குசலம் விசாரிக்கப் போய் ஊரையே பகைத்துக்கொள்வான். கதை மறந்திருந்தால் ஆர்தரின் டைரி கைகொடுக்கும். நடந்ததையெல்லாம் அவன் கையெழுத்தில், படம் வரைந்து வைத்திருப்பான்.

நான் நிற்பது மூன்றாம் சாப்டரில், ஏரிக்கரை முகாமில். 2010-இல் வந்த முதல் பாகத்தின் கதை இதற்குப் பின்னால் நடப்பது, அதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கொள்ளைக்கூட்டம் கடைசியில் என்ன ஆகும் என்று தெரியும். ராத்திரி தீ மூட்டி உட்கார்ந்து எல்லோரும் பாடிக்கொண்டிருக்கும்போது அடுத்த மிஷனை ஆரம்பிக்கக் கை வருவதில்லை. ஒரு மீன் பிடித்துவிட்டு சேவ் செய்து மூடிவிடுகிறேன்.

இவ்வளவுக்கும் நடுவில் நான் முடித்த ஒன்று அவுட்டர் வைல்ட்ஸ் (2019). 22 நிமிஷத்தில் சூரியன் வெடித்து, திரும்ப முதலிலிருந்து தொடங்கும். லெவல், பவர், காசு எதுவும் கிடையாது. நாம் தெரிந்துகொண்டது மட்டும்தான் மிச்சம். அதையும் விண்கலத்தின் பதிவேடு எழுதிவைத்து, எது எதோடு தொடர்புடையது, எங்கே இன்னும் பார்க்க வேண்டியது இருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டிவிடும். மாதக்கணக்கில் விட்டுப் போயும் திரும்பி வந்து அஞ்சே நிமிஷத்தில் பிடித்துக்கொண்டேன். என்னைப் போல விட்டு விட்டு விளையாடுகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான். இரண்டாவது விட்சர் 3, கேள்விக்குறிகளை மேப் ஃபில்டரில் அணைத்துவிட்டு. ஹாலோ நைட்டை நீண்ட லீவு கிடைத்தால் மட்டும் தொடுங்கள்.

அதன் அடுத்த பாகம் சில்க்சாங் 2025 செப்டம்பரில் வந்துவிட்டது. முதல் பாகத்தையே முடிக்காத ஆளுக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். விஷ்லிஸ்டில்தான் போட்டிருக்கிறேன், இன்னும் வாங்கவில்லை.