மாரிஃபில் ஒரு ஹானூத்: இரண்டாண்டு வாடிக்கையாளரின் மதிப்பீடு

காசாபிளாங்காவின் மாரிஃப் பகுதியில், இரட்டைக் கோபுரங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒரு குறுக்குத் தெருவில் இரண்டு ஆண்டுகள் குடியிருந்தேன். அந்த இரண்டு ஆண்டுகளிலும் வீட்டுக்கு வேண்டியவற்றில் முக்கால் பங்கை எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே இருந்த மளிகைக்கடையில்தான் வாங்கினேன். இத்தகைய கடையை மொராக்கோவில் ஹானூத் என்பார்கள். கடைக்காரர் மூல் ஹானூத். வேலை நிமித்தம் அந்நகருக்குக் குடிவருகிறவர்கள் முதல் வாரமே வாடகைக்காரில் ஏறிப் பேரங்காடியைத் தேடிப் போகிறார்கள்; காலடியில் இருக்கும் கடையைக் கவனிப்பதில்லை. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கடை ஒரு கார் நிறுத்தும் அளவுகூட இராது. வாசலை அடைத்தபடி ஒரு மேசை. வாடிக்கையாளர் தெருவில் நின்றே கேட்க வேண்டும். உள்ளே தரையிலிருந்து கூரை வரை அடுக்கு. எந்தப் பொருளையும் நாமே எடுத்துப் பார்க்க வழியில்லை என்பது தொடக்கத்தில் சங்கடமாக இருந்தது. ஆனால், எந்தச் சிப்பத்துக்குப் பின்னால் ஈஸ்ட் இருக்கிறது, எந்த மூலையில் மின்விளக்கு இருக்கிறது என்பதைத் திரும்பிப் பார்க்காமலே கையால் எட்டி எடுக்கும் அவருடைய பழக்கத்தைக் கண்ட பிறகு, நானாகத் தேடியிருந்தால் இதைவிட நேரம்தான் வீணாகியிருக்கும் என்று உணர்ந்தேன். காலையில் ஏழு மணிக்கு முன்பே மரத் தட்டுகளில் வட்ட ரொட்டி வந்து இறங்கும். ஒன்று 1.20 திர்ஹம். சூடு ஆறுவதற்குள் பாதி தீர்ந்துவிடும்.

இக்கடையின் உண்மையான சிறப்பு அது விற்கும் அளவுகளில் இருக்கிறது. முட்டை ஒன்று, முக்கோணப் பாலாடைக்கட்டி ஒன்று, வெண்ணெயில் ஒரு துண்டு, தக்காளி விழுதில் ஒரு கரண்டி என்று கேட்டாலும் முகம் சுளிக்காமல் வெட்டியோ அள்ளியோ காகிதத்தில் மடித்துத் தருவார். எதிர்க் கட்டடத்தில் வேலை செய்த கொத்தனார்கள் காலை பத்து மணிக்கு வந்து, ரொட்டியைப் பாதியாகப் பிளந்து சூரை மீனும் ஹரிஸா என்னும் காரமான மிளகாய் விழுதும் வைத்துத் தரச் சொல்லி, மேசையோரமாக நின்றே சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அன்றன்று கூலி வாங்கி அன்றன்று செலவிடுகிற மனிதருக்கு ஒரு கிலோ சிப்பத்தை மட்டும் வைத்திருக்கும் கடை உதவாது. துருக்கியின் மலிவுவிலை அங்காடி நிறுவனமான பிம் 2009இல் இந்நகரில் முதல் கடையைத் திறந்தது. இன்று அதன் கிளைகள் பல பேட்டைகளில் உள்ளன. எண்ணெயும் சலவைத்தூளும் அங்கே சற்று மலிவாகவே கிடைக்கின்றன. ஆனால் அங்கே தக்காளி விழுதை ஒரு கரண்டி மட்டும் வாங்க முடியாது.

சர்க்கரையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நீலக் காகிதம் சுற்றிய இரண்டு கிலோ சர்க்கரைக் கூம்புகள் இங்கே மேல் அடுக்கில் வரிசையாக நிற்கும். திருமணத்துக்கும் துக்க வீட்டுக்கும் வெறுங்கையோடு போகாமல் இதைத்தான் கொண்டுபோகிறார்கள். அண்டை வீட்டில் ஒரு பெரியவர் இறந்தபோது என்ன வாங்கிப் போவது என்று தெரியாமல் நின்ற எனக்கு, நான் கேட்காமலே ஒரு கூம்பை எடுத்து மேசையில் வைத்து, எப்போது போக வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்பதையும் பொறுமையாகச் சொல்லித் தந்தவர் இந்தக் கடைக்காரர்தான்.

விலை கேட்கும்போது ஒரு தடுமாற்றம் நேரலாம். வயதானவர்கள் இன்றும் ரியாலில்தான் பேசுவார்கள். ஒரு திர்ஹத்துக்கு இருபது ரியால். ரியால் என்று தனி நாணயம் இப்போது இல்லை, கணக்கு மட்டும் வாயில் வாழ்கிறது. நூறு ரியால் என்றால் ஐந்து திர்ஹம் என்று மனத்தில் பதியவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. 12 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் 2024 மே மாதத்தில் 40 திர்ஹத்திலிருந்து 50 ஆனபோது, எண்ணூறு ரியால் ஆயிரம் ரியாலாகிவிட்டது என்று வரிசையில் நின்ற பெண்கள் புலம்பியது இந்தக் கணக்கில்தான். காலிச் சிலிண்டரைக் கொடுத்தால், நிறைந்ததைக் கடைப்பையன் மூன்றாம் மாடி வரை தோளில் சுமந்து கொண்டுவருவான். அவனுக்குச் சில திர்ஹம் தருவது முறை.

குறைகளும் உண்டு. அட்டையில் பணம் கட்ட முடியாது. சில்லறை எப்போதும் தட்டுப்பாடு. பொருள்களின் மீது விலை ஒட்டுவதில்லை; புதியவர் கேட்டுத்தான் அறிய வேண்டும். வெயில் காலத்தில் பால் பொருள்களின் தேதியை அங்கேயே பார்த்துவிடுவது நல்லது. ஒருமுறை நாள் கடந்த தயிர் என் பையில் வந்துவிட்டது. திருப்பிக் கொடுத்தபோது மறுபேச்சின்றி மாற்றித் தந்தார், என்றாலும் அது வந்திருக்கவே கூடாது. பிளாஸ்டிக் பைகள் 2016 ஜூலை முதல் தடைசெய்யப்பட்டவை. எனவே துணிப்பையை மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும். காய்கறிக்கு இங்கே வரவே வேண்டாம்.

இந்நகரின் ஹானூத்காரர்களில் பலரைப் போலவே இவரும் தெற்கே சூஸ் பகுதியைச் சேர்ந்தவர்; தம்பியுடன் அப்பகுதியின் தஷல்ஹீத் மொழியிலும் எங்களுடன் மொராக்கோவின் பேச்சு அரபியான தாரிஜாவிலும் பேசுவார். சகோதரர் இருவரும் மாறி மாறிச் சில மாதங்கள் கடையையும் சில மாதங்கள் ஊரில் குடும்பத்தையும் கவனித்துக்கொண்டார்கள். பெருநாளுக்கு, அதாவது ஆடு அறுக்கும் ஈதுக்கு, இருவருமே ஊருக்குப் போய்விடுவதால் கடை பல நாள் மூடியிருக்கும். தெருவில் மற்ற ஹானூத்களும் அப்படியே. ஆகவே சிலிண்டர், மாவு, தேயிலை ஆகியவற்றை ஒரு வாரம் முன்னதாகவே வாங்கி வைத்துவிடுங்கள். முதல் ஆண்டு இதை அறியாத எனக்கு, மூடுவதற்கு மூன்று நாள் முன்பே அவர்தான் நினைவூட்டினார்.

அவரிடம் பழைய பள்ளி நோட்டு ஒன்று உண்டு. மாதச் சம்பளக்காரர்களின் பற்று அதில்தான் ஏறும். வட்டி கிடையாது, கையெழுத்தும் கேட்பதில்லை. என் பக்கத்தின் தலைப்பில் பெயருக்குப் பதிலாக 'மூன்றாம் மாடி இந்தியர்' என்று எழுதியிருந்தது. முதல் பெருநாளுக்குக் கடை மூடியபோது நான் நகரில் இல்லாததால் நூற்றெழுபது திர்ஹம் கட்டாமல் நின்றுவிட்டது. கடை மீண்டும் திறந்தபோது மேசையில் இருந்தவர், நான் அதுவரை பார்த்திராத தம்பி. நான் நோட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும், அவர் அந்தப் பக்கத்தைப் பிரித்து என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, பின்னால் நின்ற சிறுவனுக்கு ரொட்டி எடுத்துக் கொடுக்கத் திரும்பினார்.