மூன்று நாள் லீவுக்கு எந்தக் கோப்பை?

ஜப்பானில் வேலை பார்க்கிறவர்களுக்கு யூக்யூவின் அருமை தெரியும். சம்பளத்தோடு கிடைக்கும் லீவு அது. ஒவ்வொரு நாளையும் எண்ணி எண்ணித்தான் செலவழிப்போம். 2024 அக்டோபரில் என் கணக்கில் மூன்று நாள் மிச்சமிருந்தது. ஜப்பானின் தொழில்முறைக் கால்பந்து லீக்கான ஜே-லீக்கின் ஆட்டங்களைப் போனிலேயே பார்த்துவிடலாம். அதற்கும் கீழே, அதற்கடுத்த தேசிய லீக்கான ஜே.எஃப்.எல்.லுக்கும் கீழே, பிராந்திய லீக்குகளில் ஆடும் அணிகளை நேரில் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்த அணிகளைத் தேசிய அளவில் பார்க்க முக்கியமான இடங்கள் மூன்று: பேரரசர் கோப்பை, ஸென்ஷா, பிராந்திய சாம்பியன்ஸ் லீக். நான் ஸென்ஷாவுக்குப் போனேன். இன்னொரு முறை கேட்டாலும் அதைத்தான் சொல்வேன் என்பதால், இதை நடுநிலையான ஒப்பீடாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பேரரசர் கோப்பையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1921-இல் தொடங்கியது, 47 மாகாணங்களிலிருந்தும் ஒவ்வொரு அணி வரும், சின்ன அணி பெரிய அணியைச் சாய்த்தால் மறுநாள் செய்தி. 2017-இல் ஃபுகுஷிமா மாகாண லீக்கில் ஆடிக்கொண்டிருந்த இவாகி எஃப்.சி., முதல் டிவிஷன் அணியான சப்போரோவைக் கூடுதல் நேரத்தில் 5–2 என்று வென்றது. எல்லாரும் கொண்டாடினார்கள். சரி, அடுத்த ஆண்டு இவாகி எங்கே ஆடியது? தொஹோகு பிராந்திய லீக்கின் இரண்டாம் பிரிவில். அதுவும் மாகாண லீக்கில் ஜெயித்துப் பெற்ற உயர்வுதான். சப்போரோவை வீழ்த்தியதற்கு ஏணியில் ஒரு படிகூடக் கிடைக்கவில்லை. போதாததற்கு, மாகாணத்தின் அந்த ஒரே இடத்தை மூன்றாம் டிவிஷன் அணியோ பல்கலைக்கழக அணியோ பிடித்துவிடுவதும் சகஜம். நான் தேடிப்போன அணிகளுக்கு அங்கே கூட்டத்தில் ஓர் ஓரம்தான்.

ஸென்ஷா அப்படியில்லை. அது தேசிய ஷகைஜின் கால்பந்து சாம்பியன்ஷிப்பின் சுருக்கப் பெயர். அதில் வரும் ‘ஷகைஜின்’ என்ற சொல், படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்ட ஆளைக் குறிக்கும். 1965 முதல் நடக்கிறது. 32 அணிகள், தோற்றால் வெளியே. ஆண்டுதோறும் இடம் மாறும். அடுத்த ஆண்டு தேசிய விளையாட்டு விழாவை நடத்தப்போகும் மாகாணத்துக்கு இதுதான் ஒத்திகை. 2025 விழா சிகாவில் என்பதால் 2024 ஸென்ஷாவும் அங்கேதான். பீவா ஏரியை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனேன். நான் போன மைதானத்தில் டிக்கெட் கேட்கவில்லை. வரவேற்பு மேசையில் இருந்தவர்கள் வீரர்களைவிடப் பதற்றமாக இருந்தார்கள். ஒத்திகை அவர்களுக்குத்தானே!

ஆனால் என்னை இழுத்தது கால அட்டவணை. சனிக்கிழமை முதல் சுற்று, ஞாயிறு இரண்டாவது, திங்கள் காலிறுதி, செவ்வாய் அரையிறுதி, புதன் இறுதி. இடையில் ஓய்வு நாளே கிடையாது. ஆட்டம் 90 நிமிடத்துக்குப் பதில் 80 நிமிடம் என்பதுதான் ஒரே சலுகை. அப்படியும் கோப்பையைத் தூக்க ஐந்து நாளில் 400 நிமிடம் ஓட வேண்டும். ஓடுகிறவர்களில் பலர் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ வேலை பார்ப்பவர்கள். திங்கள், செவ்வாய், புதனுக்கு அவர்களும் மேலதிகாரியிடம் யூக்யூ கேட்டாக வேண்டும், அதுவும் அந்த நாட்களில் ஆட்டம் இருக்குமா என்பதே தெரியாமல்! ஞாயிறு மாலை ரயிலில் என் எதிரே ஒருவர் கிட்பேக்கைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போனில் செய்தி தட்டிவிட்டு, பக்கத்திலிருந்த தோழரிடம் “நாளைக்கு ஆபீஸ் போறேன்” என்றார். தோற்றவருக்கு லீவு மிச்சம். என் மூன்று நாளும் அவர் மூன்று நாளும் ஒன்றுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

இவ்வளவு பாடு எதற்கு? கோப்பைக்காக மட்டும் இல்லை. நவம்பரில் நடக்கும் பிராந்திய சாம்பியன்ஸ் லீக்கில் 12 இடங்கள். ஒன்பது பிராந்திய லீக்குகளின் சாம்பியன்களுக்கு ஒன்பது. மிச்சம் மூன்று, ஸென்ஷாவில் அரையிறுதி வரை வந்து, வேறு வழியில் தகுதி பெறாத அணிகளுக்கு. அதனால் ஒரே ஆட்டத்தில் இரண்டு விதமான அணிகளைப் பார்க்கலாம். லீக்கை ஏற்கெனவே வென்ற அணிக்குத் தோற்றாலும் நஷ்டமில்லை, கால் பிழைத்தால் போதும். இரண்டாவதாகவோ நான்காவதாகவோ முடித்த அணிக்கு இது கடைசிக் கதவு. ஐந்தே நிமிடம் பார்த்தால் போதும், எது எந்த அணி என்று தெரிந்துவிடும்.

அந்தக் கதவின் மதிப்புக்கு மத்சுமொட்டோ யமகா என்ற அணியின் 2009 இலையுதிர் காலம் ஒன்றே போதும். ஹொகுஷின்எட்சு பிராந்திய லீக்கில் நான்காவது இடம். அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். அக்டோபர் 11 அன்று பேரரசர் கோப்பையில் முதல் டிவிஷன் அணியான உராவா ரெட்ஸை 2–0 என்று வென்றார்கள். இன்றும் பலர் பேசுவது அந்த வெற்றியைத்தான். ஆனால் அணியின் தலையெழுத்தை மாற்றியது அதற்கு ஆறாம் நாள் சிபா மாகாணத்தில் தொடங்கிய ஸென்ஷா. ஐந்து நாளில் ஐந்து வெற்றி, கோப்பை, கூடவே நவம்பருக்கு ஓர் இடம். டிசம்பர் தொடக்கத்தில் சொந்த மைதானமான அல்வினில் இறுதிச் சுற்றையும் வென்று ஜே.எஃப்.எல்.லுக்கு ஏறினார்கள். 2012-இல் இரண்டாம் டிவிஷன், 2015-இல் முதல் டிவிஷன். உராவாவிடம் தோற்றிருந்தாலும் இது நடந்திருக்கும். ஸென்ஷாவில் தோற்றிருந்தால் இன்னொரு வருஷம் பிராந்திய லீக்தான்.

அப்புறம் பிராந்திய சாம்பியன்ஸ் லீக். 1977-இல் தொடங்கியது, இப்போதைய பெயர் 2016-இல் வந்தது. ஆட்டத்தின் தரம் மட்டும்தான் அளவுகோல் என்றால் இதுதான் மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். முதல் சுற்றில் நான்கு அணிகள் கொண்ட மூன்று பிரிவுகள், அடுத்தடுத்து மூன்று நாள். இறுதிச் சுற்றில் நான்கு அணிகள், இப்போது நடுவே ஓய்வு நாளும் உண்டு. முதல் இரண்டு இடம் பிடித்தால் ஜே.எஃப்.எல். வாசல். நான் இதில் ஒரே ஒரு நாள்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் மழையில், அதனால் என் பேச்சைப் பாதி விலைக்கே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று கடைசி இருபது நிமிடம் என் பக்கத்திலிருந்தவர்கள் களத்தைப் பார்த்ததைவிட, இன்னொரு மைதானத்தின் கோல் வித்தியாசத்தைப் போனில் பார்த்ததே அதிகம். நாக்-அவுட்டில் அந்தக் கணக்கே கிடையாது.

லீவே இல்லை என்றாலும் ஸென்ஷா கட்டுப்படியாகும். சனி, ஞாயிறு இரண்டு நாளில் மொத்தம் 24 ஆட்டங்கள். ஒன்றுக்கும் மேற்பட்ட மைதானங்களில் நடப்பதால் எல்லாவற்றையும் பார்க்க முடியாது, எந்த மைதானம் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு நாள் லீவு கிடைத்தால் இறுதி ஆட்டத்துக்கு வைக்காமல் திங்கட்கிழமைக்குப் போடுங்கள். புதன்கிழமை கிடைப்பது கோப்பை. நவம்பருக்கான கதவு திறப்பது காலிறுதியில்தான்.