பெரியப்பாவின் பயனியருக்கு எந்த ஸ்பீக்கர்?

பெரியப்பா 1980-ல் சிங்கப்பூரை விட்டுத் திரும்பியபோது கொண்டுவந்த பயனியர் எஸ்.எக்ஸ்-780 ரிசீவர், அதாவது ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றாக இருக்கும் பெட்டி, இப்போது என் வீட்டில் இருக்கிறது. வெள்ளி முகம், இரண்டு பவர் மீட்டர், கனமாகச் சுழலும் டியூனிங் குமிழ். பக்கத்துக்கு 45 வாட். தூசியும் துடைப்புமாக அது நன்றாகவே ஓடுகிறது. சிக்கல் அதனோடு வந்த ஸ்பீக்கர்களில்தான். தாழ்ந்த ஒலிக்கான 10 அங்குல வூஃபர் வைத்த மூடிய பெட்டிகள். மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் கச்சேரி ஒன்று கேட்டுக்கொண்டிருந்தபோது மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த ஒலி தரும் பக்கம், பிஸ்கட் டப்பாவைத் தட்டுவதுபோல் ஒலித்தது. முன்துணியைக் கழற்றிப் பார்த்தால், வூஃபரில் அதிர்ந்து ஒலி தரும் கூம்பான கோனைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் விரல் பட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. விரலில் கண்மை மாதிரி ஒட்டிக்கொண்டது. சோப்பு போட்டும் முழுசாகப் போகவில்லை.

அன்றிலிருந்து ஒரே கேள்வி. பழசைச் சரிசெய்வதா, அந்தக் காலத்துப் பேர்பெற்ற ஸ்பீக்கர் ஒன்றைத் தேடிப் பிடிப்பதா, இல்லை புதிதாக வாங்கிவிடுவதா? புதிது என்றால் பெரிய பெட்டியா, சின்னப் பெட்டியா? இதில் சிலவற்றை இதே ரிசீவரில் மாட்டிக் கேட்டேன். ஒன்றைச் செய்யப்போய்க் கெடுத்தும் வைத்தேன்.

முதலில் ரிசீவரைப் பற்றிக் கொஞ்சம். எஸ்.எக்ஸ்-780-ன் வெளியீட்டுப் பகுதியில் எஸ்.டி.கே-0050 என்ற பவர் மாட்யூல் இருக்கிறது. அதைத் தயாரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். இன்று அந்தப் பெயரில் கிடைப்பவற்றில் போலி ஏராளம். ஒரு பக்கம் எரிந்துபோனால் அசலைத் தேடி அலைய வேண்டும். அதனால் இதற்கு மாட்டும் ஸ்பீக்கர் இதை வாட்டக் கூடாது. ஸ்பீக்கரின் மின்தடையான ஓம் குறையக் குறைய ரிசீவரின் ஆம்ப் அதிக மின்னோட்டம் கொடுக்கிறது, சூடாகிறது. எட்டு ஓம் என்று அட்டையில் போட்டிருந்தாலும் சில அதிர்வெண்களில் நாலுக்குக் கீழே இறங்கும் ஸ்பீக்கர்கள் உண்டு. அட்டையை நம்பாமல் குறைந்தபட்ச ஓம் எவ்வளவு என்று தேடிப் பார்க்க வேண்டும். ஏ, பி என்று ரிசீவரில் மாட்டக்கூடிய இரண்டு ஜோடி ஸ்பீக்கரையும் சேர்த்து ஓட்டும் ஆசை இருந்தால் அதை இப்போதே விட்டுவிடலாம். இரண்டு எட்டு ஓம் ஸ்பீக்கர் ஒன்றாக ஓடினால் ஆம்புக்குத் தெரிவது நாலு ஓம்.

அடுத்தது டெசிபல் கணக்கு. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எவ்வளவு சத்தம் என்பதைக் கம்பெனி போட்டிருக்கும். 85 டெசிபல் ஸ்பீக்கருக்கும் 90 டெசிபல் ஸ்பீக்கருக்கும் வித்தியாசம் ஐந்துதானே என்று தோன்றும். ஆனால் மூன்று டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட் இரண்டு மடங்காக வேண்டும். ஐந்துக்கு மூன்று மடங்குக்கும் கொஞ்சம் மேல். அதாவது 90-ல் 10 வாட்டில் முடிகிற காரியத்துக்கு 85-ல் 30 வாட்டுக்கு மேல் வேண்டும். கையில் இருப்பதே 45. இதோடு நம் வீட்டுக்கே உரிய ஒரு சங்கதியும் உண்டு. மேலே ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். வைகாசியில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்கிற ரசிகர் யாரையும் எனக்குத் தெரியாது. அந்த இரைச்சலுக்கு மேலே ஒலி எழ வேண்டும்.

சரி, பழசைச் சரிசெய்வது.

இதில்தான் நான் முதலில் சறுக்கினேன். ஊரில் மைக் செட்டுக்காரர்களின் ஸ்பீக்கர்களுக்குக் கோன் மாற்றி, அதை அசைக்கும் கம்பிச் சுருளான ‘காயில்’ சுற்றித் தரும் ஒருவரிடம் ஒரு வூஃபரைக் கொடுத்தேன். கைவேலை சுத்தம். ஆனால் ஃபோமுக்குப் பதிலாகக் கெட்டியான துணி வளையம் ஒட்டியிருந்தார். திருவிழாவுக்கு அடிக்கிற ஸ்பீக்கருக்கு அது சரியான வேலை. என் பெட்டிக்கு அது எமன். காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர் 1954-ல் ஏ.ஆர்-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தபோது, வூஃபரின் கோனைத் தளர்வாக விட்டுவிட்டு, காற்றுப் புகாமல் மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்றையே ஸ்பிரிங்காக வேலை செய்ய வைத்தார். சின்னப் பெட்டியில் ஆழமான பேஸ் வந்தது அப்படித்தான். பிறகு வந்த மூடிய பெட்டிகளில் பல அந்த வழிதான், என்னுடையதும் அந்த இனம். அதன் வளையத்தைக் கெட்டியாக்கினால் கோன் இயல்பாக அதிரும் அதிர்வெண் மேலே ஏறிவிடும், பேஸ் காணாமல் போகும். போயிற்று. இடப்பக்கம் பழைய டப்பா, வலப்பக்கம் புது டப்பா என்று இரண்டு வாரம் ஓட்டினேன்.

பிறகு ஃபோம் வளையமே வரவழைத்தேன். ‘10 அங்குலம்’ என்று மட்டும் சொல்லி ஆர்டர் செய்யக் கூடாது. கோனின் வெளிவிட்டம், இரும்புச் சட்டத்தின் உள்விட்டம், வளையத்தின் மேடு எவ்வளவு அகலம், மூன்றையும் ஸ்கேல் வைத்து அளந்து சொல்ல வேண்டும். பழைய ஃபோமையும் பசையையும் சுரண்டி எடுப்பதே ஒரு முழு மதியம். அப்புறம் நடுவிலுள்ள குமிழ் மூடியைப் பிளேடால் வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, காயிலுக்கும் உள்ளே இருக்கும் இரும்புக்கும் நடுவே நாலு பக்கமும் மெல்லிய பட்டை செருக வேண்டும், கோன் நடுவிலேயே நிற்பதற்காக. அம்மாவின் பழைய முழங்கால் எக்ஸ்ரே படத்தை வெட்டினேன். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. மர வேலைக்கான வெள்ளைப் பசைதான் நல்லது, சீக்கிரம் இறுகாது, நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். மறுநாள் பட்டைகளை உருவிவிட்டு, இரண்டு கையாலும் கோனை மெதுவாக உள்ளே அமுக்கிக் காதை வைத்துக் கேட்டேன். ‘சர்ர்’ என்று உரசல் கேட்டால் எல்லாம் திரும்ப முதலிலிருந்து. கேட்கவில்லை.

தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் உயர்ந்த ஒலியைச் சின்ன ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் இருந்த கெப்பாசிட்டர்களையும் மாற்றினேன், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியவை. பழைய எலக்ட்ரோலிட்டிக்குகள் நாற்பது வருடத்தில் அளவு மாறியிருக்கும், அதனால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அந்த இடத்தில் ஃபிலிம் கெப்பாசிட்டரை அப்படியே போட்டபோது ‘ஸ’வும் ‘ஷ’வும் காதில் குத்தின. பழையதற்குள் இயல்பாகவே கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் உண்டு, ஃபிலிமில் அது இல்லாத அளவுக்குக் குறைவு. அதனால் ட்வீட்டருக்குக் கூடுதலாகப் போகிறது. தொடராக அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்ததும் அடங்கியது. இரண்டு வூஃபர், கெப்பாசிட்டர், பசை எல்லாம் சேர்த்து, நாலு பேர் சுமாரான ஓட்டலில் சாப்பிட்டு எழுந்த செலவுதான்.

பெட்டி இருக்கட்டும், உள்ளே வேறு புது வூஃபர் மாட்டிவிடலாமே என்று சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். பெட்டியின் கொள்ளளவு, கிராஸ்ஓவர் எல்லாம் அந்த ஒரு வூஃபருக்காகக் கணக்கிட்டவை. அளவு ஒன்றாக இருந்தால் ஓட்டையில் பொருந்தும், அவ்வளவுதான்.

பழைய பேர்பெற்ற ஸ்பீக்கர்கள் என்றால் எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருவது ஜே.பி.எல் எல்100. ஒலிப்பதிவுக் கூடங்களுக்கான ஸ்டுடியோ மானிட்டர் 4310-ஐ வீட்டுக்காக மாற்றி 1970-ல் விட்டது. 12 அங்குல வூஃபர், முன்னால் சதுரம் சதுரமாகப் பிதுங்கி நிற்கும் ஆரஞ்சு, நீல ஃபோம் முகம். அந்த முகமும் வயதானால் பொடிந்து கொட்டும் என்பது வேறு கதை. குறைந்த வாட்டில் உரக்கப் பாடும் என்பதால் நம் ரிசீவருக்கு எல்100 நல்ல ஜோடி. வாங்குகிறவர் ஒன்று கவனிக்க வேண்டும். பேட்டரி செல் ஒன்றைச் சிவப்பில் பிளஸ் வைத்துத் தொட்டால் மற்ற வூஃபர்களின் கோன் வெளியே வரும்; அந்தக் கால ஜே.பி.எல்-லில் உள்ளே போகும். கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்துப் பேரத்தைக் கலைக்க வேண்டாம். 1967-ல் வந்த ஏ.ஆர்-3ஏ-யும் பெரிய பேர்தான், அதன் அண்ணன் ஏ.ஆர்-3 ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. ஆனால் அது நாலு ஓம், வாட்டும் நிறையக் கேட்கும். இந்த ரிசீவருக்கு ஆகாது.

உண்மையைச் சொன்னால் இந்த வழி எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டுப் பார்க்காமல், படம் பார்த்து, 20 கிலோவுக்கு மேலான பெட்டிகளை லாரியில் வரவழைத்து, திறந்து பார்த்தால் அதே உதிர்ந்த ஃபோம், அதே காய்ந்த கெப்பாசிட்டர். இன்னொருவர் வீட்டு ரிப்பேர் வேலையைக் காசு கொடுத்து வாங்குவது. ஜே.பி.எல்-லே 2018-ல் எல்100 கிளாசிக் என்று மறுபடி போட்டார்கள். அதன் விலைக்கு என் ரிசீவரைப் போல் பல வாங்கலாம்.

புதியவற்றில் இரண்டைக் கேட்டேன்.

நண்பர் ஒருவர் கெஃப் எல்.எஸ்.50-ஐ ஒரு வாரம் இரவல் தந்தார். கெஃப் தன் ஐம்பதாவது ஆண்டை ஒட்டி, பி.பி.சி-யின் சின்ன மானிட்டரான எல்.எஸ்.3/5ஏ-யை மனதில் வைத்துச் செய்தது. ஐந்தேகால் அங்குல கோன், அதன் நட்ட நடுவிலேயே ட்வீட்டர். பாடகர் இரண்டு பெட்டிக்கும் நடுவே எங்கே நிற்கிறார் என்று கை நீட்டிக் காட்டலாம். அதில் இதை மிஞ்ச இந்தப் பட்டியலில் எதுவும் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல், சின்ன அறையில், ஒற்றை வீணை கேட்க வேண்டுமென்றால் நான் இதைத்தான் எடுப்பேன். ஆனால் இது 85 டெசிபல். ஹாலில், ஃபேனுக்குக் கீழே, பவர் மீட்டரின் ஊசி பத்தைத் தொட்டுத் தொட்டு வந்தது. தவில் தனி தொடங்கியதும் ஊசி எகிற, நான் ஓடிப்போய்க் குமிழைக் குறைத்தேன். ரிசீவரின் மேல்மூடி வேறு சுட்டது. நல்ல ஆம்ப் இருப்பவர்கள் வாங்க வேண்டிய ஸ்பீக்கர், என் ரிசீவருக்கு வாழ்க்கைப்பட்டு வர வேண்டியதில்லை.

இன்னொன்று வார்ஃப்டேல் லிண்டன். 1965-ல் தொடங்கிய பெயர், 2019-ல் புது உடம்போடு திரும்பி வந்தது. கோயம்புத்தூரில் ஒரு நண்பர் வீட்டில் இருக்கிறது. ரிசீவரைப் போர்வையில் சுற்றிக் காரின் பின்சீட்டில் வைத்துக்கொண்டு போனேன். 8 அங்குல வூஃபர், நடு ஒலிக்கு 5 அங்குல மிட்ரேஞ்ச், ஒரு ட்வீட்டர். ஒவ்வொன்றும் 18 கிலோ. 90 டெசிபல், ஆறு ஓம். அதே கச்சேரியை அதே சத்தத்துக்கு வைத்தபோது ஊசி மூன்றைத் தாண்டவில்லை. மேல்ஸ்தாயி கொஞ்சம் அடக்கம். டைல்ஸ் தரை, பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை, கம்பளம் கிடையாது என்று இருக்கும் நம் வீடுகளுக்கு அந்த அடக்கம் வரப்பிரசாதம். ஹார்ன் ட்வீட்டர் வைத்த ஸ்பீக்கர்களும் ஆம்புக்கு லேசானவைதான், ஆனால் இப்படி ஒரு மொட்டை அறையில் நாதஸ்வரம் வைத்தால் கல்யாண மண்டபத்து முதல் வரிசையில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும்.

தொப்பியில் கையை அழுத்தி இழுக்கும்போது வரும் அந்த ‘கும்கி’, லிண்டனில் வயிற்றில் தெரிந்தது. என் பழைய பெட்டிகளில் அந்த அளவுக்கு இல்லை. குரலும் லிண்டனில் இன்னும் திறந்து வந்தது. இரண்டையும் மேடையில் நிறுத்தி மார்க் போட்டால் லிண்டன்தான் ஜெயிக்கும், சந்தேகமில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தேன். லிண்டனுக்குப் பின்பக்கம் இரண்டு காற்றுத் துவாரங்கள். சுவரை விட்டு ஒரு முழமாவது தள்ளி, ஸ்டாண்டில் நிற்க வேண்டும். எங்கள் ஹாலில் அந்த இடத்தில் பிரம்பு ஊஞ்சல் இருக்கிறது. ஷோகேஸுக்குள் திணித்தால் அந்தக் கும்கி ‘கும்ம்ம்’ என்று அறை முழுக்கப் பரவும். மூடிய பெட்டிக்கு இந்த நச்சரிப்பு இல்லை, சுவரோடு ஒட்டி வைத்தாலும் ஓரளவுக்குத் தாங்கும். ஆக, தனி அறையும் காசும் இருந்தால் லிண்டன். ஹாலில் ஷோகேஸில்தான் என்றால், சரிசெய்த பழைய மூடிய பெட்டிகள். ரிசீவரையும் மாற்றப்போகிறீர்கள் என்றால் எல்.எஸ்.50-ஐ மறுபடி யோசிக்கலாம். உங்கள் பழைய ஸ்பீக்கரின் காயில் கருகியிருந்தால் அல்லது பெட்டியைக் கரையான் அரித்திருந்தால் மட்டும் நேரே புதிதுக்குப் போய்விடுங்கள்.

நான் பழசோடு நின்றுவிட்டேன். போன மாதம் பெரியப்பா வந்திருந்தார். புது ஃபோம், புது கெப்பாசிட்டர், எக்ஸ்ரே படம், கோயம்புத்தூர்ப் பயணம் எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார்.

“முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு. இதுக்காடா மூணு வருஷம்?”

எழுந்து போய், பேஸைத் தூக்கிவிடும் லவுட்னெஸ் பட்டனை அமுக்கிவிட்டு, திரும்பி வந்து ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டார்.