ஆயுதம் போட்டு எடுத்த முதல் பிள்ளைக்குப் பிறகு: மறுபடி நார்மலா, நாள் குறித்த சிசேரியனா?

மதுரைப் பக்கம் கத்தி படாமல் பிள்ளை பிறந்துவிட்டால் அது சுகப்பிரசவம். 2019இல் என் மகள் பிறந்தபோது மருத்துவமனைச் சீட்டில் நார்மல் என்று எழுதினார்கள். பார்க்க வந்தவர்களும் அதையே சொல்லிவிட்டுப் போனார்கள். அதனால் 2023இல் இரண்டாவது உண்டானபோது, இந்த முறை சிசேரியன் வேண்டும் என்று நானே போய்க் கேட்டது வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை. "ஏத்தா, நாங்க நாலு பெத்துட்டு நாத்து நடப் போனவுக" என்றார் அத்தை. அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவருக்கு நடந்தது வேறு, எனக்கு நடந்தது வேறு.

முதல் பிரசவத்தை நீட்டிச் சொல்ல எனக்கு இப்போதும் தெம்பு இல்லை. பிள்ளை முகம் மேல்பார்த்து இருந்தது. முக்கி முக்கி இரண்டரை மணி நேரம் ஆயிற்று. ஒரு அம்மா ஸ்டூலில் ஏறி நின்று முழங்கையால் என் வயிற்றை மேலிருந்து அமுக்கினார். அப்புறம் ஆயுதம் போட்டு எடுத்தார்கள். எதையும் சொல்லிவிட்டுச் செய்யவில்லை. வயிற்றை அப்படி அமுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டுதலில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது என்பது எனக்குத் தெரிய வந்தது ரொம்ப நாள் கழித்துத்தான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயமே தொடங்கியது. கேஸ் வந்தால் அடக்க முடியவில்லை. மலம் வரப்போகிறது என்று தெரிந்தால் இரண்டு நிமிடம் தாங்காது. பச்சை உடம்பு, போகப் போகச் சரியாகும் என்றார்கள். ஐந்து மாதம் கழித்து வேறொரு மருத்துவர் பார்த்துத்தான் சொன்னார், கிழிசல் ஆசனவாய்த் தசை வரை போயிருக்கிறது, மூன்றாம் நிலைக் கிழிசல் என்று. பழைய டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பார்த்தால் அதில் தையல் போட்டது மட்டும்தான் இருக்கிறது, எந்த நிலை என்று ஒரு வரி இல்லை. நீங்களும் இந்த மாதிரி முடிவெடுக்க வேண்டிய இடத்தில் இருந்தால் முதலில் உங்கள் சீட்டை எடுத்துப் படியுங்கள். இல்லாவிட்டால் மருத்துவமனையில் உங்கள் சிகிச்சை விவரம் எழுதி வைத்திருக்கும் கேஸ் ஷீட்டின் நகல் கேளுங்கள்.

சரி, ஒப்பீட்டுக்கு வருகிறேன். செலவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தனியாரில் சிசேரியனுக்குக் கூடுதல், பெரியாஸ்பத்திரியில் இரண்டுக்கும் கட்டணம் இல்லை. வலிக்கும் அதே கதைதான், முன்னால் வலியா பின்னால் வலியா என்பதுதான் வித்தியாசம். சிசேரியன் என்றால் பயப்படுகிற ஊரும் இல்லை நம்முடையது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூறு பிரசவத்துக்கு ஏறக்குறைய 45 சிசேரியன், இந்தியா முழுக்கப் பார்த்தால் 21, 22தான். தேவையில்லாமல் அறுப்பது இங்கே அதிகம் என்ற கோபம் எனக்கும் உண்டு. அதனால்தான் நான் கேட்டபோது அந்த மருத்துவர் உடனே சரி என்று சொல்லாமல், முதலில் அந்த ஆசனவாய்த் தசைக்கு ஸ்கேன் எடுத்து வா என்றது எனக்குப் பிடித்திருந்தது.

மறுபடி நார்மலுக்குப் போவதன் பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது. இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் சீக்கிரம் முடியும், உடம்பு ஏற்கெனவே ஒருமுறை வழிவிட்டிருக்கிறது. எழுந்து நடப்பதும் பால் கொடுப்பதும் சுலபம். மூன்றாவது பிள்ளை வேண்டும் என்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். கர்ப்பப்பையில் தழும்பு விழுந்துவிட்டால் அடுத்தடுத்த கர்ப்பத்தில் நச்சுக்கொடி அந்தத் தழும்பில் ஒட்டி ஊன்றிக்கொள்ளும் ஆபத்து கூடும், ஒவ்வொரு சிசேரியனுக்கும் இன்னும் கூடும். அப்படி ஒட்டிக்கொண்டால் ரத்தப்போக்கு கட்டுக்கு அடங்காது, சிலருக்குக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரும். எங்களுக்கு இரண்டு போதும் என்று முன்பே பேசி வைத்திருந்ததால் இந்தக் கணக்கு எனக்கு இடிக்கவில்லை. இல்லாவிட்டால் நிச்சயம் இன்னொரு முறை யோசித்திருப்பேன்.

நார்மல்தான் என்று போகிறவர்கள் கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. வயிற்றை அமுக்கக் கூடாது. வழக்கம் என்பதற்காகப் பிறப்புவாயை வெட்டக் கூடாது, வெட்டியே ஆக வேண்டும் என்றால் நேராகக் கீழ்நோக்கி இல்லாமல் பக்கவாட்டில் நன்றாகச் சாய்த்து வெட்ட வேண்டும். தலை வெளியே வரும்போது வெதுவெதுப்பான துணியை அந்த இடத்தில் ஒற்றி வைத்து, தலையை மெதுவாக வரவிட வேண்டும். இது ஒன்றே பெரிய கிழிசலைக் குறைக்கிறது. கூட ஒரு பெண் துணை இருக்க வேண்டும். அரசு மருத்துவமனைப் பிரசவ அறைகளுக்காக 2017இல் வந்த லக்ஷ்யா திட்டத்திலேயே துணைக்கு ஆள் இருப்பது சொல்லப்பட்டிருக்கிறது, எனவே தயங்காமல் கேட்கலாம்.

இனி என் முடிவைத் தீர்மானித்த ஒரே விஷயம். பயமோ வலியோ இல்லை. அந்தத் தசைதான்.

ஆசனவாயைச் சுற்றி இருக்கும் சுருக்குத்தசை ஒரு வளையம். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. உள்ளே இருப்பது நாம் நினைக்காமலே மூடி வைக்கும், வெளியே இருப்பது அவசரத்துக்கு நாம் இறுக்கிப் பிடிப்பது. ஆசனவாய்க்குள் விரல் தடிமனில் ஒரு கருவியை வைத்து எடுக்கிற ஸ்கேனில் இரண்டும் இரண்டு வட்டமாகத் தெரியும். மருத்துவர் திரையைத் திருப்பிக் காட்டினார். கடிகாரம் மாதிரி நினைத்துக்கொள்ளம்மா என்றார். உள்வட்டம் முழுசாக இருந்தது. வெளிவட்டம் பதினோரு மணியிலிருந்து ஒரு மணி வரை வட்டமாகவே இல்லை, மங்கலாக ஒரு திட்டு. நாலு வருடமாக என் மனப்பிரமை, என் கூச்சம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அங்கே அளவோடு இருந்தது. அழுதுவிட்டேன். துக்கத்தில் இல்லை, யாரோ ஒருவர் நம்பிவிட்டார் என்பதில்.

இந்த நிலைமையில் கணக்கு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி இந்தக் கிழிசலுக்கென்றே 2015இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அங்கே முதல் பிள்ளை நார்மலாகப் பெறும் பெண்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு இப்படித் தசை வரை கிழிகிறது, ஏற்கெனவே பெற்றவர்களுக்கு நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. ஒருமுறை கிழிந்தவர்களுக்கு மறுபடி கிழிவது நூற்றுக்கு ஐந்திலிருந்து ஏழு. அதாவது இரண்டாவது பிரசவம் என்று மற்றவர்களுக்குக் கிடைக்கிற சலுகை எனக்குக் கிடைக்காது, நான் மறுபடி முதல் பிரசவக்காரிதான். ஆனாலும் இதை மட்டும் வைத்து அறுவைக்குப் போ என்று யாரும் சொல்ல முடியாது, நூற்றில் தொண்ணூற்று மூன்று பேருக்குக் கிழியவில்லையே.

என்னைத் திருப்பியது அடுத்த விஷயம். இப்படிக் கிழிந்து தைத்தவர்களில் நூற்றுக்கு அறுபது முதல் எண்பது பேர் ஒரு வருடத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஆகிவிடுகிறார்கள். அவர்கள் மறுபடி நார்மலுக்குப் போவது ஒரு கதை. தொந்தரவு தீராதவர்கள், ஸ்கேனில் குறை தெரிபவர்கள் வேறு கதை. இவர்களுக்குத்தான் நாள் குறித்த சிசேரியனையும் ஒரு வழியாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிறது அந்த வழிகாட்டுதல். ஏனென்றால் மிச்சம் இருக்கிற தசையை வைத்துத்தான் இனி காலம் முழுக்க ஓட்ட வேண்டும். இன்னும் கொஞ்சம் கிழிந்தாலும், நரம்பு இன்னும் கொஞ்சம் இழுபட்டாலும், இன்றைக்குக் கேஸ் மட்டும் நிற்காத எனக்கு நாளைக்கு மலமும் நிற்காமல் போகலாம். மாதவிடாய் நின்ற பிறகு எல்லாத் தசையும் தளரத்தான் செய்யும். அந்த வயதுக்கும் சேர்த்துத்தான் இப்போது மிச்சம் பிடிக்க வேண்டும்.

இந்தத் தசையோடு வாழ்வது எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள், அவரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக்குத் தல்லாகுளத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று வளர்ந்தவள் நான். மகள் பிறந்த பிறகு ஒரு வருடம்கூடப் போகவில்லை. கல்யாண வீட்டில் கடைசி வரிசை, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில். டவுன் பஸ் வேண்டாம். உசிலம்பட்டிக்கு அம்மா வீட்டுக்குப் போகிற நாளில் காலையிலிருந்து வயிற்றைக் காயப்போட்டுக் கிளம்புவேன். இதையெல்லாம் இன்னொரு முறை பணயம் வைக்க மனசு வரவில்லை.

என் மதினிக்கும் முதல் பிரசவத்தில் இதே மாதிரி கிழிந்தது. அவருக்கு அன்றே தெரிந்து, தியேட்டருக்குக் கொண்டுபோய் நன்றாக வெளிச்சம் வைத்துத் தைத்தார்கள். மலமிளக்கி மருந்து, பிசியோதெரபி எல்லாம் நடந்தது, எட்டு மாதத்தில் சரியாகிவிட்டது. இரண்டாவதை நார்மலாகவே பெற்றார், சின்னக் கிழிசல்தான், இரண்டாம் நாளே பத்தியக் குழம்பு கேட்டார். அவருக்கு அந்த முடிவு சரி. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் போயிருப்பேன்.

என் சிசேரியன் 39 வாரம் முடிந்த பிறகு. அதற்கு முன்னால் எடுத்தால் பிள்ளைக்கு மூச்சுத் திணறல் வர வாய்ப்பு கூடும் என்றார்கள். அத்தை ஒரு நல்ல நட்சத்திரம் பார்த்து வைத்திருந்தார், அது ஒன்பது நாள் முன்னால் வந்தது. அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. குறித்த நாளுக்கு முன்பே வலி வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் ஃபைலில் எழுதி வாங்கினேன். அதனால்தான் கடைசி ஒரு மாதம் தாய்வீட்டுக்குப் போகவில்லை. நடுராத்திரியில் உசிலம்பட்டியிலிருந்து 40 கிலோமீட்டர் ஓடி வர முடியாது. அம்மாதான் பெட்டியோடு இங்கே வந்து இருந்தார்.

தியேட்டரில் மயக்க மருத்துவர் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் தொட்டார். "இப்ப முதுகுல ஜில்லுன்னு இருக்கும்மா." ஜில்லென்றது. "இப்ப எறும்பு கடிக்கும்." கடித்தது. ஸ்பிரிட் பஞ்சை வயிற்றில் வைத்து ஜில்லென்று தெரிகிறதா என்று கேட்டார், தெரியவில்லை என்று நான் சொன்ன பிறகுதான் ஆரம்பித்தார்கள். இது சிசேரியனின் குணம் இல்லை, அந்த மனிதரின் குணம் என்று எனக்குத் தெரியும். பிரசவ அறையிலும் இப்படிச் சொல்லிவிட்டுத் தொடுகிறவர்கள் இருப்பார்கள்.

சிசேரியன் சும்மா போகவில்லை. முதல்முறை எழுந்து நின்றபோது வயிறு பிரிந்து கீழே விழுந்துவிடும் போல இருந்தது, தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் இருமினேன். மகளுக்கு அப்போது நாலு வயது, ஆறு வாரம் அவளைத் தூக்கக் கூடாது என்றார்கள். அவள் கட்டில் ஓரத்தில் வந்து நின்று கையை மட்டும் மேலே நீட்டுவாள். அம்மாவும் என் வீட்டுக்காரரும் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. உதவிக்கு ஆள் இல்லாதவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

முதலில் அவசரமாக சிசேரியன் ஆகி, இப்போது நார்மல் முயற்சி செய்யலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் அனுபவம் உதவாது. அந்த முடிவில் பழைய தழும்பு தாங்குமா, ராத்திரியிலும் தியேட்டரும் மயக்க மருத்துவரும் தயாராக இருப்பார்களா என்பவைதான் முதல் கேள்வி, தசை இல்லை.

மகனுக்கு இப்போது ஒன்றரை வயது. கேஸ் இன்னும் முழுசாக நிற்பதில்லை, சிசேரியன் பழைய கிழிசலைத் தைத்துவிடாது. ஆனால் இருந்ததற்கு மேல் ஒரு துளி மோசமாகவில்லை. காலையில் பருப்புக்குக் குக்கர் வைத்துவிட்டு, நாலு விசில் வரும்வரை தசையை இறுக்கிப் பத்து எண்ணி விடுகிறேன், மறுபடி இறுக்குகிறேன். இந்தச் சித்திரையில் மகளைக் கூட்டிக்கொண்டு தல்லாகுளம் வரை போனேன். ஓரமாகத்தான் நின்றோம். அவளைத் தோளில் தூக்கிக் காட்டினேன்.