பதினொரு மணிக்குப் பெட்டி வெளியே: மூன்று இரவுக் கப்பலில் மூன்று பயணங்கள்

என்னுடன் வேலை செய்யும் தம்பியொருவர் சென்ற வாரம் தொலைபேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டி, “அண்ணை, சிங்கப்பூரிலயிருந்து மூண்டு இரவுக் கப்பல், இரண்டாவது ஆளுக்கு அரைவிலையாம். நீங்கள் போனனீங்கள்தானே, பதிவு செய்யலாமோ?” என்று கேட்டார். தேநீர் இடைவேளைக்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல என்பதால் எழுதித் தருகிறேன் என்றேன். எங்கள் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு 2023 யூன் 16ஆம் திகதி இந்தியாவிலிருந்து பெரிய உல்லாசக் கப்பல் ஒன்று வந்து நின்ற நாள் தொட்டு இந்தக் கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் இதுவே பதிலாக இருக்கட்டும்.

நான் 2018 செப்டெம்பரிலும், 2023 ஓகஸ்டிலும், 2025 பெப்ரவரியிலும் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் மூன்று இரவுப் பயணங்களில் சென்றிருக்கிறேன். முதலாவதும் மூன்றாவதும் மலேசியாவின் பினாங்குக்கு, இடையிலுள்ளது அதே நாட்டின் கிள்ளான் துறைமுகத்துக்கு. மூன்றும் வெவ்வேறு கப்பல்கள். மூன்றும் ஒன்றேகால் இலட்சம் தொன்னுக்கு மேற்பட்டவை. அந்தத் தொன் கப்பலின் எடையைக் குறிப்பதல்ல, உள்ளே அடைபட்டிருக்கும் இடத்தின் அளவைக் குறிப்பது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இவ்வளவு பாரமான கப்பல் எப்படி மிதக்கிறது என்று கேட்காதவர்கள் குறைவு. நீச்சற் குளம், நாடக அரங்கு, உணவு மண்டபங்கள் பற்றி விளம்பரத்தில் உள்ளவை யாவும் உண்மை. மரக்கறிச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

என் மனத்தில் ஏழு ஆண்டுகளாக முள்ளாகக் கிடப்பது கடைசி இரவு.

கடைசி நாள் காலையில் கபின் கதவுக்குக் கீழால் ஒரு கடிதமும் நிறமிட்ட அட்டைகளும் வரும். இரவு பதினொரு மணிக்கு முன்னர் பெரிய பெட்டிகளில் அந்த அட்டைகளைக் கட்டிக் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். நள்ளிரவுக்குப் பின்னர் பணியாளர்கள் அவற்றை இழுத்துச் சென்று கம்பிக்கூடுகளில் ஏற்றிவிடுவார்கள். அதன் பிறகு உங்கள் பெட்டியை நீங்கள் காண்பது மறுநாள் கரையில், துறைமுக மண்டபத்திலேதான். காலை எட்டு மணிக்குள் கபினையும் விட்டுவிட வேண்டும்.

2018இல் என் தாயாரை அழைத்துச் சென்றிருந்தேன். அப்போது அவருக்கு வயது 74. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர். கடிதத்தில் சொன்னபடி பத்தே முக்காலுக்கு இரண்டு பெட்டிகளையும் பூட்டி வெளியே வைத்துவிட்டு, பிள்ளைகள் பரீட்சைத் தாளை நேரத்துக்குக் கொடுத்ததுபோன்ற திருப்தியோடு படுத்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மா விளக்கைப் போட்டுத் தன் கைப்பையைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தார். “தம்பி, என்ர குளிசைப் பெட்டி எங்கை?” என்று கேட்டபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. மூடியில் கிழமை நாட்களை நான் தமிழில் எழுதி ஒட்டிய அந்த நீலப் பெட்டி, எங்கள் பழுப்பு நிறப் பெட்டியின் உள்ளறையில், கீழே எங்கோ ஒரு கம்பிக்கூட்டுக்குள் கிடந்தது.

வரவேற்பு மேசைக்கு ஓடினேன். அங்கிருந்தவர் மரியாதையாகவே பேசினார், ஆனால் கூடுகளை இனித் திறக்க முடியாதென்பதில் அசையவில்லை. கப்பலின் மருத்துவர் பார்க்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். எங்கள் தளத்தைத் துப்புரவு செய்யும் தூத்துக்குடிப் பையன், யாரும் சொல்லாமலேயே கீழே நாலு இடத்துக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்து, முடியவில்லை என்று தெரிந்ததும் அம்மாவுக்குச் சீனியில்லாத பால் கொண்டுவந்து கொடுத்தான். குளிசை கைக்குக் கிடைத்தபோது காலை ஒன்பதேகால். அம்மாவுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனாலும் அந்த நாலேகால் மணித்தியாலத்தை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். மருந்துகளைக் கையோடு வைத்திருக்கவும் என்று கடிதத்தின் பின்பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அதை வாசிக்காதது என் பிழை. பெட்டிகளை முதல்நாளே எடுப்பதற்கும் காரணம் இருக்கிறது. ஏறத்தாழ நாலாயிரம் பேர் காலையில் இறங்கி, அதே அளவு மக்கள் மதியம் ஏறி, மாலை ஐந்து மணிக்குக் கப்பல் மறுபடியும் புறப்பட வேண்டும். அதற்கிடையில் ஆயிரக்கணக்கான கட்டில்களுக்கு விரிப்பு மாற்றி, பெட்டிகளை இறக்கி, உணவுப் பொருட்களை ஏற்றி முடிக்க வேண்டும். ஏழு இரவுப் பயணமாயின் இந்த அல்லல் வாரத்துக்கு ஒரு தடவைதான். மூன்று, நான்கு இரவுப் பயணங்களை மாறிமாறி ஓடும் கப்பலில் இரண்டு தடவை. பணியாளர்களின் முகத்தில் அந்தக் களைப்பை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இந்தக் கணக்கு கப்பல் நிறுவனத்துக்கு எவ்வளவு பொருந்துகிறதோ அவ்வளவு எங்களுக்குப் பொருந்தவில்லை. முதல் நாள் மதியம் துறைமுகத்தில் ஒப்படைத்த பெட்டி கபின் வாசலுக்கு வர இரவு ஏழு, எட்டு மணியாகும். அதுவரை விமானத்தில் வந்த உடுப்போடுதான் சுற்ற வேண்டும். கடைசி நாள் மாலை, மாற்று உடுப்பையும் பற்தூரிகையையும் ஒதுக்கி வைத்துவிட்டு மீதியைக் கட்டும் வேலை தொடங்கிவிடும். ஏழு இரவில் இந்த இரண்டு மாலைகளும் கரைந்துபோகலாம், ஒருவர் பொருட்படுத்த மாட்டார். மூன்று இரவில் இரண்டு மாலைகள் பெட்டிக்குப் போய்விட்டால் மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று. காசு மட்டும் மூன்று இரவுக்கும் கொடுக்கிறோம்.

2023இல் நானும் மனைவியும் ஆளுக்கொரு சிறு கைப்பெட்டியோடு மட்டும் சென்று, இறங்கும்போது நாங்களே தூக்கிக்கொண்டு போனோம். அதற்கு அனுமதி உண்டு; அப்படி இறங்குபவர்களை முதலில் விடுவார்கள். பெட்டிப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. ஆயினும் காலை ஆறரைக்கே ஒலிபெருக்கி எழுப்பிவிட்டது. உணவு மண்டபத்தில் கோப்பையைக் கையிலிருந்து வாங்காத குறை. கட்டிலில் நான் இருக்கும்போதே தலையணை உறைகளின் கட்டு வாசலில் வந்து இறங்கியது.

இத்தனை குறை சொல்பவர் ஏன் மூன்று தடவை போனார் என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் கப்பலின் கீழ்ப்பகுதியில் உயிர்காப்புப் படகுகளுக்கு அடியில் ஓடும் ஒடுங்கிய நடைபாதை. விளம்பரத்தில் அதன் படத்தை நான் கண்டதில்லை. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகில் போகும்போது கையைப் போட்டால் கடல் தொடும். உவர் முகத்தில் தெறிக்கும். இந்தப் பெருங்கப்பலின் பதினான்காம் தளத்தில் நின்றால் கடல் வெறும் படம்: சத்தம் இல்லை, மணம் இல்லை, பாட்டுச் சத்தம் மட்டுமே உண்டு. கீழே அந்த நடைபாதைக்கு வந்து கனத்த கதவைத் தள்ளித் திறந்த கணத்தில்தான் நீரைக் கப்பல் கிழித்துப் போகும் இரைச்சல் காதில் விழும். தலைக்கு மேலே செம்மஞ்சட் படகுகள், காலுக்குக் கீழே மரப்பலகை, கைப்பிடிக் கம்பியில் உப்புப் பிசுபிசுப்பு. இரவு பத்து மணிக்கு மேல் அங்கே ஓரிருவரைத் தவிர யாரும் வருவதில்லை. மலாக்கா நீரிணையில் எந்த நேரமும் சரக்குக் கப்பல்களின் விளக்குகள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். அங்கே நின்ற மணித்தியாலங்களுக்கு நான் கொடுத்த காசு முழுவதும் தகும்.

அம்மாவுக்கும் அந்த இடமே பிடித்தது. அம்மப்பா மலாயா றெயில்வேயில் வேலை பார்த்தவர். அம்மா யப்பானியர் காலத்தில், 1944இல், தைப்பிங்கில் பிறந்தவர். மலாயன் பென்சனோடு அம்மப்பா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு 1951இல் பினாங்கில் கப்பலேறியபோது அம்மாவுக்கு ஏழு வயது. 67 ஆண்டுகளுக்குப் பிறகு, எங்கள் கப்பல் பினாங்கின் சுவெட்டன்ஹாம் இறங்குதுறையை நெருங்கிய பிற்பகலில், அந்த நடைபாதையில் கம்பியைப் பிடித்தபடி நின்ற அவர் கரையிலிருந்த வெள்ளை மணிக்கூட்டுக் கோபுரத்தைக் காட்டி, “உதுதான், உதேதான்” என்றார். விக்டோரியா மகாராணி அரசேறி 60 ஆண்டுகள் நிறைந்ததற்கு, ஆண்டுக்கு ஓரடியாக 60 அடி உயரத்தில் கட்டிய கோபுரம் அது. ஊருக்கு வந்து யாழ்ப்பாணத்து மணிக்கூட்டுக் கோபுரத்தை முதன்முதல் பார்த்தபோது, பினாங்குக் கோபுரமும் தங்களோடு கப்பலில் வந்துவிட்டதென்று நினைத்தாராம். இதை அதுவரை அவர் எங்களுக்குச் சொன்னதே இல்லை. விமானத்தில் போயிருந்தால் அவருக்கு அது நினைவு வந்திருக்காது என்றே நம்புகிறேன். கடற்பக்கமிருந்து பார்த்த ஊரைக் கடற்பக்கமிருந்துதான் மறுபடி அடையாளம் காண முடிந்தது. 2025இலும் அவர் கேட்டதற்காகவே பினாங்குக் கப்பலைத் தெரிந்தேன். குளிசைப் பெட்டியை இந்த முறை கழுத்தில் தொங்கும் பையில் வைத்திருந்தார்.

இனித் தம்பி கேட்ட திட்டமிடல். சிங்கப்பூரில் இருப்பவருக்கு இது வெள்ளி மாலை ஏறித் திங்கள் காலை இறங்கும் வார இறுதி. எங்களுக்கு அப்படியல்ல. புதன் இரவு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினால் வியாழன் விடியக் கொழும்பு; அங்கிருந்து நாலு மணித்தியால விமானப் பயணம்; இரண்டரை மணித்தியால நேர வேறுபாட்டையும் சேர்த்தால் வியாழன் இரவு சிங்கப்பூரில் தங்க வேண்டும். கப்பல் புறப்படும் நாளில் விமானத்தில் வந்திறங்குவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்: விமானம் பிந்தினால் கப்பல் காத்திராது. திங்கள் இறங்கினால் வீடு வந்து சேர செவ்வாய். மூன்று இரவுக் கப்பலுக்கு அலுவலகத்தில் நாலு நாள் விடுப்பு.

சிங்கப்பூருக்கு எங்கள் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டிய விசா வேண்டியதில்லை. இணையத்தில் வருகை அட்டை நிரப்பினால் போதும், அதைக் கப்பலால் இறங்கும்போதும் மறுபடி நிரப்ப வேண்டும். மலேசியாவுக்கு விசா வேண்டும். “நான் பினாங்கில் இறங்கவே போவதில்லை, கப்பலிலேயே இருப்பேன்” என்ற நியாயம் எடுபடாது. துறைமுகத்திலேயே விசாவைக் காட்டாவிட்டால் ஏற்ற மாட்டார்கள். 2023இல் எங்களுக்கு முன் வரிசையில் நின்ற ஒரு கொழும்புக் குடும்பம் இதனால் திரும்பிப் போனது. அந்தப் பிள்ளைகள் கழுத்தில் நீச்சற் கண்ணாடியை மாட்டியபடி நின்ற கோலம் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

விலைக்கு வருவோம். விளம்பரத்தில் உள்ளது கபின் கட்டணம் மட்டும். அதுவும் இருவர் ஒரு கபினில் தங்கினால். 2025இல் எனக்கு ஒருவருக்கு 280 அமெரிக்க டொலர் கபினுக்கும், துறைமுகக் கட்டணம், வரி, சேவைக்கூலி எல்லாம் சேர்ந்து மேலும் 150 டொலரும் போனது. அரைவிலை என்று அவர்கள் சொல்வது முதல் தொகையைத்தான். இரண்டாவது தொகை குறையாது. எங்கள் பக்கத்தில் இன்னொன்று: 2018இல் நான் டொலருக்கு ஏறத்தாழ 165 ரூபா கொடுத்தேன், 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின்னர் ஏறத்தாழ 300 கொடுக்கிறேன். டொலரில் விலை விழுந்தாலும் எங்கள் ரூபாவில் அது 2018இன் விலைக்கு இறங்கவில்லை.

ஆகவே, தம்பி, அந்த நடைபாதையையும் அம்மாவின் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் இவ்வளவு மனமாரச் சொன்ன பிறகும், இந்த விளம்பரத்துக்குக் காசு கட்டாதீர்கள் என்றே சொல்கிறேன். ஒரு மாலைக்காக ஆறு நாள் பயணம் வேண்டாம். நாலு அல்லது ஐந்து இரவுக் கப்பல் ஒன்று வரும்போது என்னிடம் வாருங்கள், நானே உட்கார்ந்து பதிவு செய்து தருகிறேன். கபினைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஆட்டம் குறைவு, நடைபாதைக்கும் கிட்ட. உங்கள் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போவதாயின் அவருடைய மருந்தை முதல் நாளிலிருந்தே உங்கள் கையில் வைத்திருங்கள்.